பாட்டை வெட்டிய படங்கள்

குதிரைமேல் அமர்ந்து கிற்றார் மீட்டிப் பாடும் கௌபோய் வீரனைக் கண்டு நகையாதார் இக்காலத்தில் அரியர். துரத்திச் செல்லவேண்டிய கள்வன் மலையிடுக்கில் மறைந்து கொண்டிருக்கையில் இவனுக்குப் பாட்டு எதற்கு என்பது அவர்தம் வினா. 1935ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை ஹொலிவூட்டில் வெளிவந்த இவ்வகைப் படங்களைத் திரைப்பட வரலாறு எழுதுவோரிற் பலர், சிறுவருக்கான சனிக்கிழமைப் பொழுதுபோக்கு என ஒரு பந்தியில் ஒதுக்கிவிட்டு, ஜோன் ஃபோர்ட் முதலிய பெருநெறியாளரிடம் விரைந்து செல்வர். இத்தீர்ப்பு நீதியானதன்று என்பது எமது துணிபு. தீர்ப்புக் கூறியோருட் பலர் கண்டது முழுப்படமன்று. பாட்டை வெட்டியெறிந்த மிச்சமே.

முதலில், பாடும் கௌபோய் என்பவன் முழுப்பொய் அல்லன். உள்நாட்டுப் போர் முடிந்த பின், 1860களின் பிற்பகுதி தொடங்கி, டெக்ஸாஸ் மாநிலத்திலிருந்து கான்ஸாஸ் மாநிலத்துப் புகையிரத நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கான மாடுகளை மாதக்கணக்கில் ஓட்டிச் சென்றனர். இரவில் ஓர் இடி முழங்கினாலும் மந்தை வெருண்டு கலைந்து ஓடும். குறுக்கே நின்றவன் மிதிபட்டு மாள்வான். ஆதலின் இராக்காவலர் மந்தையைச் சுற்றிக் குதிரையில் மெல்ல வந்துகொண்டே தாழ்ந்த குரலிற் பாடினர். மாடுகளுக்குத் தாலாட்டு, பாடுவோனுக்கு உறக்கம் வாராத காவல். அப்பாடல்களை ஜோன் லோமக்ஸ் என்பார் தொகுத்து 1910ஆம் ஆண்டிலேயே நூலாக்கிவிட்டார். பூவேலை செய்த சட்டையும், மண் ஒட்டாத வெண்டொப்பியும், எங்கிருந்தோ எழும் வாத்தியக் கோஷ்டியும் ஹொலிவூட்டின் கற்பனையே. பாட்டு அன்று.

கூத்தும் நாடகமும் கண்டு வளர்ந்த எமக்கு, ஓங்கிய வாளை நிறுத்தி அரசன் பாடி முடித்த பின்னரே வெட்டுவான் என்பது புதுமையுமன்று. அது நிற்க.

இவ்வகைப் படத்தை நிலைநிறுத்தியவர் ஜீன் ஓட்றி. 1907ஆம் ஆண்டு டெக்ஸாஸிற் பிறந்து, புகையிரத நிலையத்திற் தந்தி அடித்து, பின்னர் சிக்காகோ வானொலியிற் பாடிப் பெயர்பெற்றவர். அவருக்கு முன்னரே கென் மெய்நாட் திரையிற் பாடியுள்ளார். 1933ஆம் ஆண்டிலே ஜோன் வெய்ன் தாமும் ஒரு பாடும் வீரராகத் தோன்றினார். ஆயின் வாயசைத்தவர் அவர், குரல் பிறருடையது. ஓட்றியோ உண்மைப் பாடகர். குதிரையேற்றத்திலும் நடிப்பிலும் தொடக்கத்தில் அவருக்குப் பெருந்தேர்ச்சி இருந்ததெனக் கூற இயலாது. இருந்தும் மக்கள் அவரை விரும்பினர். ஏன்?

1935ஆம் ஆண்டு வெளிவந்த 'த பாண்டம் எம்பயர்' என்ற பன்னிரண்டு பகுதித் தொடர்படத்தை நோக்குக. நிலத்தின் அடியில் ஓர் இராச்சியம், அதற்கோர் அரசி, இயந்திர மனிதர்கள், இரேடியம் தேடி வந்த வஞ்சகர் என அதன் கதை நகைப்புக்கிடமானதே. ஆனால் அதன் முடிச்சைப் பாருங்கள். ஓட்றி நாள்தோறும் தம் பண்ணையிலிருந்து வானொலியிற் பாடவேண்டும். ஒருநாள் தவறினும் ஒப்பந்தமும் பண்ணையும் பறிபோகும். ஆகவே பாதாளத்திற் சிறைப்பட்டாலும், பாறையில் உருண்டாலும், அவர் பாடுவதற்காக மேலே வந்தாகவேண்டும். அங்கே பாட்டு கதைக்கு இடையூறு அன்று. பாட்டைப் பாடி முடிப்பதே கதை. பொருளாதார மந்தத்தில் நிலத்தையும் வேலையையும் இழந்துகொண்டிருந்த மக்களுக்கு, தன் தொழிலை ஒருநாளும் தவறவிடாது வீட்டைக் காத்துக்கொள்ளும் ஒருவனின் கதை விளங்காதா?

இதனினும் சிறந்த சான்று 1938ஆம் ஆண்டின் 'அண்டர் வெஸ்டேர்ன் ஸ்டார்ஸ்'. ஒப்பந்தப் பிணக்கினால் ஓட்றி விலகி நிற்க, அவரது இடத்திற்கு ரிப்பப்ளிக் கம்பனியார் லெனாட் ஸ்லை என்ற இளம்பாடகரைக் கொணர்ந்து, ரோய் ரொஜர்ஸ் எனப் பெயரிட்டனர். அது புழுதிப் புயல்களால் அமெரிக்க நடுநிலங்கள் பாழான காலம். படத்திலே வரண்ட நிலத்துக் குடியானவர்க்கு நீர் பெற்றுத் தருவதற்காக ரொஜர்ஸ் காங்கிரஸ் உறுப்பினராகி வாஷிங்டன் செல்கின்றார். அங்கே அரசியலாளரின் விருந்தொன்றில் பாழ்நிலக் காட்சிகளைத் திரையிட்டு, புழுதியைப் பற்றிய பாடலொன்றைப் பாடுகின்றார். பாட்டு அங்கே மனுவாகின்றது. சொற்பொழிவால் ஆகாத காரியத்தைச் செய்ய முற்படுகின்றது. 'டஸ்ட்' எனும் அப்பாடல் ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பட்டியலில் இப்படம் 2009ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டமை தகுதி நோக்கியதேயாம்.

எல்லாப் பாட்டும் இத்தகையதெனச் சாதிக்க யாம் முன்வரவில்லை. 'ஒக்லஹோமா' என்ற மேடை நாடகத்திற் சொக்கிய ரிப்பப்ளிக் தலைவர் ஹேர்பேட் யேட்ஸ், ரொஜர்ஸ் படங்களையும் அவ்வாறே ஆக்க விரும்பினார். போர்க்கால இறுதியில் வந்தவற்றிற் சில, கதை முடிந்த பின் ஒட்டவைத்த ஆடல் பாடற் காட்சியாய் நீள்கின்றன. அங்கே கத்தரியை யாமே எடுத்துக் கொடுத்திருப்போம்! 1946ஆம் ஆண்டிற்குப் பின் வில்லியம் விட்னி என்னும் நெறியாளர் பாட்டைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது அப்படங்களுக்கு நன்மையே.

இன்னொரு குறை பெரிது. பழைய மாட்டுப் பயணங்களில் நால்வருள் ஒருவர் கறுப்பினத்தவர் என வரலாற்றாசிரியர் கணிப்பதுண்டு, மெக்சிக்கரும் பலர். ஹொலிவூட்டின் பாடும் வீரரோ அனைவரும் வெள்ளையர். ஹேர்ப் ஜெஃப்ரீஸ் என்ற பாடகர் மாத்திரம் 1937ஆம் ஆண்டில் 'ஹார்லெம் ஒன் த பிறேய்ரி' படத்திற் கறுப்பின மக்களின் அரங்குகளுக்கெனக் குதிரையேறிப் பாடினார். 1939ஆம் ஆண்டின் 'த புரொன்ஸ் பக்கரூ' வரை அவர் நடித்தவை சிலவே. சிறுதொகையில் எடுக்கப்பட்டமை அவற்றின் ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். இருப்பினும் குரல் ஓட்றிக்குக் குறைந்ததன்று.

இனி வெட்டிய கதைக்கு வருவோம். தொலைக்காட்சி வந்தபோது ரிப்பப்ளிக் கம்பனியார் தம் பழைய படங்களை அதற்கு விற்க முனைந்தனர். ரொஜர்ஸ் 1951ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார், முதலில் வென்றார். 1954ஆம் ஆண்டு மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. ஓட்றியும் தம் வழக்கிற் தோற்றார். விளம்பரத்திற்கு இடம் விட்டு ஒரு மணி நேரத்துள் அடங்கும்படி, அறுபது எழுபது நிமிடப் படங்கள் ஐம்பத்து மூன்று நிமிடமளவிற்குக் குறைக்கப்பட்டன. எதனை நீக்குவது? சண்டையை நீக்கினால் சிறுவர் கோபிப்பர். உரையாடலை நீக்கினால் கதை அறும். எனவே பல படங்களிற் பாட்டின் தலையிலேயே கத்தரி விழுந்தது. அவ்வாண்டிலேயே ரெக்ஸ் அலன் நடித்த 'பாண்டம் ஸ்டாலியன்' படத்தோடு இவ்வகை முற்றுப்பெற்றது.

பின்வந்த தலைமுறை தொலைக்காட்சியிற் கண்டது இக்குறைப்பிரதிகளையே. பாட்டுக்காகப் பிறந்த படத்திற் பாட்டை எடுத்துவிட்டு, எஞ்சியதிற் சாரமில்லை என்று நகைத்தல் என்ன நியாயம்?

ஓட்றியின் படங்கள் பல, அவரது சொந்தச் சேமிப்பிலிருந்த பிரதிகளைக் கொண்டு முழுமையாகச் செப்பனிடப்பட்டு இன்று கிடைக்கின்றன. ரொஜர்ஸ் படங்களிற் பலவோ இன்றும் குறுகிய வடிவிலேயே கைமாறுகின்றன. 'அண்டர் வெஸ்டேர்ன் ஸ்டார்ஸ்' முழுப்படம் அறுபத்தைந்து நிமிடம் ஓடுவது. பார்க்க விழையும் அன்பர்கள் பிரதியின் நீளத்தை முதலில் வினாவுக. ஐம்பத்து மூன்று நிமிடமெனின் வாங்காது விடுக.