தலைக்கணக்கு மட்டும் போதாது

மாற்றுத்திறன் மாணவர்களுக்குத் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட நிலைகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்று, ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து ஒன்றிய அரசு 2022-இல் விதிமுறை வகுத்தது. மாணவர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட இந்த விகிதம் அவசியமானதே. ஆனால், ஒவ்வொரு மாணவருக்காகவும் வகுப்பறைக்கு வெளியே செலவாகும் நேரம் இக்கணக்கில் இடம்பெறவில்லை.

தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், தொகுப்பூதியத்தில், அதாவது காலமுறை ஊதியமும் பணிப் பாதுகாப்பும் இன்றிப் பணியாற்றும் சிறப்புப் பயிற்றுநர்கள், வட்டார வள மையத்தைத் தளமாகக் கொண்டு பல பள்ளிகளுக்குச் சென்று வருகின்றனர். பள்ளிக்கு வர இயலாத, கடும் குறைபாடுடைய குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியிருப்பதால், அவர்களின் இல்லங்களுக்குச் செல்வதும், அன்றாடப் பயிற்சிகளைப் பெற்றோருக்குக் கற்றுத்தருவதும் இவர்களின் பொறுப்பாகிறது.

இவற்றோடு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுக்கும் 21 வகைக் குறைபாடுகளுள் ஏதேனும் ஒரு குழந்தைக்கு உள்ளதா என்பதைத் தொடக்கத்திலேயே கண்டறிவது, மருத்துவ முகாமுக்கு அழைத்துவருவது, தனித்துவ அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க உதவுவது, தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்க ஆவணங்களைத் திரட்டுவது, இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவது எனப் பணிகள் நீள்கின்றன.

இவை யாவும் குழந்தையின் நலனுக்கானவைதாமே என்ற வாதத்தில் உண்மை உண்டெனினும், இவை ஒரே தன்மையுடையவை அல்ல. ஒரு மாணவருக்குரிய கற்றல் இலக்குகளையும் அவற்றை எட்டும் வழிகளையும் வரையறுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தைத் தயாரிப்பதும், வகுப்பாசிரியரோடும் பெற்றோரோடும் இயன்முறை மருத்துவரோடும் கலந்தாய்வதும் கற்பித்தலின் பிரிக்க முடியாத கூறுகளாகும்; படிவங்களை நிரப்புவதும் தரவுகளைப் பதிவேற்றுவதுமோ, சிறப்புக் கல்வியில் பட்டம் பெறாத எழுத்தரும் செய்யக்கூடியவை. முன்னதற்கு நேரம் ஒதுக்கப்படாமலும் பின்னது குறைக்கப்படாமலும் இருக்கும்போது, தனிநபர் கல்வித் திட்டம் கோப்புக்காக மட்டுமே எழுதப்படும் அபாயம் உருவாகிறது. அதன் இழப்பை ஏற்பவர் மாணவரே.

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், சிறப்புக் கல்வி ஆசிரியர் பணியிடங்களை அனுமதித்து அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டுள்ள நிலையில், பணியிடங்களின் எண்ணிக்கையோடு பணியின் இயல்பையும் வரையறுப்பது அரசின் கடமையாகும். திட்டமிடலுக்கும் கலந்தாய்வுக்கும் வாரந்தோறும் நேரம் ஒதுக்குதல், பயண நேரத்தைப் பணி நேரமாகவே கணக்கிடுதல், சிதறிக்கிடக்கும் பள்ளிகளைக் கொண்ட வட்டாரங்களில் ஒருவருக்குரிய மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தல், பதிவேற்றப் பணிகளை வள மையத்தின் அலுவலகப் பணியாளர்களிடம் ஒப்படைத்தல் ஆகியவை பணி விதிகளில் இடம்பெற வேண்டும். இவற்றைச் செய்யாமல் பணியிடங்களை மட்டும் நிரப்பினால், விகிதம் ஏட்டில் நிறைவேறும். குழந்தைக்குரிய நேரம் கிடைக்காது.