கடைக்கு வழி தெரியும், கூட்டத்துக்கு?

சென்னையில் ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று, "ஏங்க, பக்கத்துல டாஸ்மாக் எங்க இருக்கு?" என்று கேளுங்கள். நாலு பேர் வழி சொல்வார்கள். "குடியை விட்டவங்க கூடுற கூட்டம் எங்க நடக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

இருக்கிறது. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும் உட்கார்ந்து பேசியதில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இரண்டு பேருமே மொடாக்குடியர்கள். கரையில் நின்று அறிவுரை சொன்ன யோக்கியர்கள் அல்ல. நம் ஊரிலும் பல வருடங்களாகத் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. சர்ச் வளாகத்தில், பள்ளி வகுப்பறையில், எங்கே வாடகை கட்டுப்படியாகிறதோ அங்கே. கட்டணம் கிடையாது. சாதி, சம்பளம், முழுப் பெயர் எதுவும் கேட்பதில்லை. குடியை நிறுத்தணும்கிற ஆசை இருந்தால் போதும். டீக்கும் வாடகைக்கும் உறுப்பினர்களே காசு போட்டுக்கொள்கிறார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் வைத்திருக்கும் கொள்கை.

சும்மா உட்கார்ந்து பேசினால் குடி போயிடுமா? 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்கள் பங்கேற்றவற்றை, ஒன்றுசேர்த்து அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் இந்தக் கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடும் வழி மற்ற பிரபல சிகிச்சைகளைவிட நன்றாகவே வேலை செய்கிறது என்று கண்டது. எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காசே வாங்காத வைத்தியம் இந்த அளவு பலிப்பது சாதாரண விஷயமா?

இதை விட்டுவிட்டு நாம் என்ன செய்கிறோம்? கோயிலில் கயிறு கட்டுகிறோம். ஆறாம் மாதம் கயிறு அறுகிறது. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரத்தைப் பார்த்து மருந்து வாங்குகிறோம். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மாத்திரையைத் தெரியாமல் கொடுத்து, அவர் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அதுவும் பலிக்காவிட்டால் லைசென்ஸ் இல்லாத 'மறுவாழ்வு மையத்துக்கு' ஆயிரக்கணக்கில் கட்டி ஆளைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறோம். அங்கே அடித்தே கொன்ற செய்திகளும் பேப்பரில் வந்தாயிற்று.

கூட்டத்துக்கு மட்டும் போக மாட்டோம். ஏன்? "வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்." தெருவில் வேட்டி அவிழ்ந்து கிடந்தபோது போகாத மானம், வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்தால் போய்விடுமா? அங்கே வருகிற அத்தனை பேரும் அதே காரணத்துக்காக வந்தவர்கள்தான். உள்ளே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பதுதான் அதன் அஸ்திவாரமே.

பகுத்தறிவு நண்பர்களுக்கு இன்னொரு தயக்கம். "அங்க கடவுள்னு ஆரம்பிச்சிடுவாங்களே." உண்மைதான், பேச்சில் இறைசக்தி வரும். அது எது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தையே தன் சக்தியாக நினைத்துக்கொண்டு குடியை விட்ட நாத்திகர்கள் உண்டு. ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு கூட்டத்துக்குப் போங்கள். ஒரு கடையில் சரக்கு இல்லை என்றால் குடியையா விடுகிறார்கள்? அடுத்த கடைக்குத்தானே போகிறார்கள்!

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம். குடிப்பவர் வரவே மாட்டேன் என்கிறாரா? வீட்டுக்காரர்களுக்கென்று அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. 1951-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். குடிப்பவனைவிடக் குடிப்பவனின் பெண்டாட்டிக்குத்தான் பேச இடமில்லாமல் இருக்கிறது நம் ஊரில்.

இப்போது அரசாங்கத்துக்கு வருகிறேன். 2003-ல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது தமிழக அரசு. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் நாலாயிரத்து எண்ணூறுக்கு மேல் மிஞ்சின. 2024-25-ல் வருமானம் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். மது கேடு என்று பாட்டிலிலேயே அச்சடித்துத் தருகிறீர்கள். கேடு என்று தெரிந்தே வாங்குபவனுக்கு அந்த வரியால் என்ன பிரயோஜனம்? அவனுக்கு வேண்டியது ஒரு முகவரி.

நான் நிதி கேட்கவில்லை. கொடுத்தாலும் அவர்கள் வாங்கப்போவதில்லை. ஒவ்வொரு டாஸ்மாக் வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். பக்கத்தில் எந்த இடத்தில், என்ன கிழமை, எத்தனை மணிக்குக் கூட்டம், அரசு ஆஸ்பத்திரியில் எந்த வார்டு என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். சாயங்காலத்தில் பூட்டிக் கிடக்கும் கார்ப்பரேஷன் பள்ளிகளில் நியாயமான வாடகைக்கு ஓர் அறை திறந்து விடுங்கள். பெயின்டுக்கும் சாவிக்கும் ஆகும் செலவு, ஒரு கடையின் ஒரு நாள் வசூலில் எத்தனை பங்கு இருக்கும்?

அதுகூட முடியாது என்றால், குடிமகன் திருந்திவிட்டால் கல்லா என்ன ஆகும் என்ற பயம்தான் காரணம் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.