அட்டையில் இருக்கும் வயது

வீடியோ கேம் என்றாலே நேர விரயம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால், பிள்ளைகள் எதை விளையாடுகிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஜப்பானின் கெப்கொம் நிறுவனம் 1996இல் தொடங்கிய திகில் வரிசை 'ரெசிடென்ட் ஈவில்'. அதன் ஏழாம் பாகம் 2017இல் வெளிவந்தது. காணாமற்போன மனைவியைத் தேடி, ஈத்தன் என்பவன் அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள ஒரு பாழடைந்த வீட்டுக்குள் நுழைகிறான். முன்னைய பிரதான பாகங்களில் கதாபாத்திரத்தை வெளியே நின்று பார்த்தோம். இதில் அவனது கண்களாலேயே பார்க்கிறோம். துப்பாக்கி ரவைகள் குறைவு. பையில் இடமும் குறைவு. எதை வைத்துக்கொள்வது, எப்போது சுடாமல் ஓடுவது என்று பயத்தின் நடுவிலும் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அந்த நிதானத்துக்காகவே இதை நல்ல விளையாட்டு என்பேன்.

ஆனால், அதே நெருக்கம் சிறுவர்களுக்குக் கூடாது. ஐரோப்பாவில் 18 வயது, அமெரிக்காவில் 17 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அட்டையிலேயே இருக்கிறது. எனினும் பத்து வயதுத் தம்பிமாரும் இதை விளையாடுகிறார்கள். பேய்ப்படம் என்றால் "சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம்" என்று தடுக்கும் உம்மா, வாப்பாமார், கேம் என்றால் சத்தத்தைக் குறைக்கத்தான் சொல்கிறார்கள்.

பெற்றோரே, அந்த எண்ணைப் பாருங்கள். பிறகு அரைமணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் இருந்து திரையையும் பாருங்கள். அதன்பின் நீங்கள் வேண்டாம் என்றால், ஏன் என்பது எங்களுக்கும் விளங்கும்.