ஹார்லிக்ஸ் பாட்டில், கருப்பட்டிக் காபி, மாதுளம்பழம்: 'ஆரோக்கிய உணவு' குறித்து எங்கள் நிலைப்பாடு

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. வாசலில் உள்ள கடையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பிரெட் பாக்கெட், நாலு ஆப்பிள். இரண்டு தலைமுறையாக இதுதான் வழக்கம். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் பாட்டில்கள் சேர்ந்துகொண்டே போகும். வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்த பருப்புச் சாதமும் அவித்த முட்டையும் மட்டும் "இப்ப வேண்டாம், செரிக்காது" என்று தொடாமலே திரும்பிப் போகும்.

உணவியல் படித்தவர்கள், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்கள், சத்துணவு அமைப்பாளர்கள், நுகர்வோர் ஆர்வலர்கள் என்று பல வேலைகளில் இருந்தவர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய அமைப்பு எங்களுடையது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் எங்களிடம் முதலில் வரும் கேள்வி, "எதுங்க ஆரோக்கியமான சாப்பாடு?" என்பதுதான். அதற்குப் பொதுவில் ஒரே பதிலாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

ஒரு பொருளைத் தனியாக எடுத்து வைத்து அதற்கு 'ஆரோக்கிய உணவு' என்று பெயர் சூட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. பாட்டன் சாப்பிட்டது என்பதற்காகவும் ஏற்கவில்லை, வெளிநாட்டில் சாப்பிடுகிறார்கள் என்பதற்காகவும் ஏற்கவில்லை. எவ்வளவு சாப்பிடுகிறோம், எதை விட்டுவிட்டு அதைச் சாப்பிடுகிறோம் என்ற இரண்டையும் கேட்காமல் எந்த உணவுக்கும் நல்ல பெயரோ கெட்ட பெயரோ கொடுக்க முடியாது. ஆரோக்கியத்தின் பெயரால் வீடுகளில் செலவாகும் பணம் இன்று பெரும்பாலும் தப்பான இடத்துக்குப் போகிறது என்பது எங்கள் மதிப்பீடு.

பாட்டிலில் இருந்தே தொடங்குகிறோம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இணைய வணிகத் தளங்களுக்கு இதை நினைவுபடுத்தியது. பால், தானியம், மால்ட் அடிப்படையிலான பானங்களை அந்தத் தலைப்பில் விற்கக் கூடாது என்றது. ஒன்றிய வணிக அமைச்சகமும் அதே மாதம் அறிவுறுத்தியது. ஹார்லிக்ஸை விற்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனமும் அந்தப் பிரிவின் பெயரிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. பெயர் மாறியது, பழக்கம் மாறவில்லை. குழந்தை உயரமாக வளரும், பரீட்சையில் நன்றாக எழுதும் என்று நம்பி இன்றும் வாங்குகிறார்கள். அந்த டம்ளரில் உண்மையில் உணவாக இருப்பது பால். அதில் கலக்கும் மாவில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு என்பது பாட்டிலின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது, படித்துப் பார்க்கலாம்.

இதைவிட மோசமானது வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்ட இனிப்புப் பானத்தைக் கொடுப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. சர்க்கரை அதைத் தாண்டிப் போனால் போக்கு கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் ஆணையம் அந்தப் பெயரை இத்தகைய பானங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. ஒரு சொல்லைப் பாக்கெட்டிலிருந்து இறக்குவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள கோரிக்கைகளை எழுதுகிறோம்.

அடுத்து கருப்பட்டி. இதைச் சொன்னால் எங்களில் சிலருக்கே வருத்தம் வந்தது. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே உடம்புக்குச் சர்க்கரைதான். நூறு கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 380 கலோரி, வெள்ளைச் சர்க்கரையில் 400. தாதுக்கள் கொஞ்சம் இருக்கின்றன, உண்மை. அந்தத் தாதுக்கள் தேவையான அளவு கிடைக்கும்படி கருப்பட்டி தின்றால், கூடவே வரும் சர்க்கரை அந்த நன்மையை விழுங்கிவிடும். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தக் கணக்கில் தேனும் பழச்சாறும்கூடச் சேரும். கருப்பட்டிக் காபி மூன்று வேளை, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் அதிலேயே 30 கிராம் ஆகிவிடுகிறது. "சுகர் இருக்கு, அதனால கருப்பட்டிக்கு மாறிட்டேன்" என்று சொல்பவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது, மாறியதோடு நிற்காமல் அளவையும் குறையுங்கள் என்பதுதான்.

பனையேறிகளின் பிழைப்புக்கு எதிராக இதை எழுதவில்லை. உடன்குடிக் கருப்பட்டி நல்ல கருப்பட்டி. சீனிப் பாகு கலந்து விற்கும் போலிகளிடமிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதிலும் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். இனிப்பாக, ருசிக்காக, பண்டிகைப் பலகாரத்துக்காக வாங்குங்கள். மருந்து என்று விற்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

சிறுதானியத்துக்கு வருவோம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நாங்களும் கூட்டம் போட்டோம், கேழ்வரகுக் கூழ் ஊற்றினோம். அதில் தவறில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் இருக்கிறது, அரிசி பக்கத்தில்கூட வராது. ஆனால் 'சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது' என்ற பேச்சு ஆபத்தானது. தவிடு நீக்கி வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையும் வரகும் அரிசிக்கு நெருங்கிய சொந்தம். மாவை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் கேழ்வரகும் வேகமாகவே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திவரும் 'இண்டியாப்' ஆய்வு இந்த விஷயத்தில் எங்களுக்கு வழிகாட்டி. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதை 2023-இல் சொன்னது அந்த ஆய்வுதான். 2025-இல் அதன் உணவுப் பகுதி வெளியானது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அந்த மொத்த அளவைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதில் கோதுமை மாவு அல்லது சிறுதானிய மாவு என்று மட்டும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தைப் பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரத உணவுக்கு விட்டுக்கொடுத்த உணவுமுறையில்தான் குறைந்தது. ஆகவே நாலு சப்பாத்திக்குப் பதில் நாலு தினை தோசை என்பது தீர்வில்லை. இரண்டு தோசையும், பருப்பு தெரிகிற சாம்பாரும் என்றால் தீர்வு. இன்று பல வீட்டுச் சாம்பாரிலும் கடைச் சாம்பாரிலும் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி வகையெல்லாம் சேர்த்து 85 கிராம் என்று இருக்கிறது. நம் ரேஷன் கடையில் ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய்க்கு. நாலு பேர் உள்ள குடும்பத்தில் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம். மீதி விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். அந்தக் குடும்பம்தான் மாதம் தவறாமல் ஒரு மால்ட் பாட்டிலும் ஒரு டஜன் 'டைஜஸ்டிவ்' பிஸ்கட் பாக்கெட்டும் வாங்குகிறது. இந்தக் கணக்கை எந்த விளம்பரமும் போட்டுக் காட்டாது, அதனால் நாங்கள் போடுகிறோம்.

ரத்தசோகை குறித்துக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் வாங்கிக் கொடுப்பது மாதுளம்பழமும் பீட்ரூட்டும். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை. வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்புச்சத்து 29 மில்லிகிராம். நூறு கிராம் மாதுளை முத்தில் இருப்பது 0.3 மில்லிகிராம். மாதுளையை மட்டும் நம்பினால் தினமும் பத்துக் கிலோ முத்து உரிக்க வேண்டும். நல்ல பழம்தான், வேறு பல காரணங்களுக்காகச் சாப்பிடலாம், ரத்தத்துக்காக வேண்டாம்.

இந்த இடத்தில் பழைய வழக்கம் ஒன்றுக்குக் கைதட்ட வேண்டியிருக்கிறது. ரத்தம் குறைந்த பெண்களுக்குக் கறிக்கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி வாங்கிச் சமைத்துக் கொடுப்பார்கள். ஆட்டின் மண்ணீரலான அதில் இரும்புச்சத்து ஏராளம், அதுவும் உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவத்தில். இன்று அதை முகம் சுளித்து ஒதுக்கிவிட்டு, மாதுளை ஜூஸுக்குப் பணம் கொடுக்கிறோம். சைவர்களுக்குக் கீரை, பயறு, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. அவற்றின் புளிப்போடு வரும் வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது நேர்மாறான வேலையைச் செய்யும். ரத்தசோகை உறுதியானவர்களுக்கு உணவு மட்டும் போதாது. அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரும்பு மாத்திரையைப் பரண்மேல் போடாமல் விழுங்க வேண்டும்.

முட்டையின் மஞ்சள் கருவைத் தள்ளிவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுவது இன்னொரு வழக்கம். உணவில் வரும் கொலஸ்ட்ராலுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று விதித்திருந்த வரம்பை 2015-க்கான வழிகாட்டுதலில் அமெரிக்காவே கைவிட்டுவிட்டது. முட்டையின் இரும்பும் வைட்டமின் ஏ, டி-யும் மஞ்சளில்தான் இருக்கின்றன. இதய நோயும் சர்க்கரையும் உள்ளவர்கள் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். சத்துணவில் முட்டை வாங்கும் பிள்ளைக்கு இந்தக் கவலையே தேவையில்லை.

எண்ணெய் விஷயம் சுருக்கமானது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் ஒரு கிராம் எண்ணெய் ஒன்பது கலோரி. நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் மூன்றரை லிட்டருக்குள் இருக்கட்டும். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் பேசும்படி கிடையாது. ஜூஸ் கடைக்கும் இதே கதைதான். மூன்று சாத்துக்குடியை உட்கார்ந்து உரித்துத் தின்ன முடியாதவர் மூன்றின் சாற்றையும் ஒரு நிமிடத்தில் குடித்துவிடுகிறார், நார் குப்பைக்கூடைக்குப் போகிறது.

இனி, எங்கள் கோரிக்கைகள்.

ரேஷனில் பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கியதை வரவேற்கிறோம். விரும்பும் மாவட்டங்களுக்கெல்லாம் அதை விரிவுபடுத்தலாம்.

'ஹெல்த் டிரிங்க்' மீதான கட்டுப்பாடு ஆங்கிலச் சொல்லோடு நின்றுவிடக் கூடாது. 'சத்து பானம்', 'ஆரோக்கிய பானம்', 'பாரம்பரிய', 'இயற்கை' என்று தமிழில் வரும் பாக்கெட்டுகளுக்கும் சுவர் விளம்பரங்களுக்கும் அது பொருந்த வேண்டும். 'ராகி' என்று பெரிய எழுத்தில் போட்ட பிஸ்கட்டில் ராகி எத்தனை சதவீதம் என்பதை அதே அளவு எழுத்தில் முன்பக்கமே போட வேண்டும். எடை அதிகமான பொருள்தான் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது இப்போதே விதி. அந்த வரியைப் பொடி எழுத்தில் பின்பக்கம் ஒளித்து வைக்கிறார்கள். மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் தாண்டித்தான் ராகி வருகிறது என்பது பூதக்கண்ணாடி இருந்தால் தெரியும்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் நட்சத்திரம் போடும் திட்டத்தை ஆணையம் 2022 செப்டம்பரில் வரைவாக வெளியிட்டது. அதை எதிர்க்கிறோம். கொஞ்சம் நாரோ, நாலு பருப்புத் துண்டோ சேர்த்தால் சர்க்கரைக்கான மதிப்பெண் இழப்பை ஈடுகட்டிவிடலாம் என்ற கணக்கு அதில் இருக்கிறது. சிலி நாட்டில் 2016 முதல் இருப்பதுபோல, 'சர்க்கரை அதிகம்', 'உப்பு அதிகம்' என்ற கறுப்பு எச்சரிக்கை முத்திரையே வேண்டும், தமிழில் வேண்டும். முன்பக்க முத்திரை குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கெடு விதித்த பிறகும் இதை இழுத்தடிப்பதற்குக் காரணம் எதுவும் எங்களுக்குப் புலப்படவில்லை.

கடைசியாக எங்கள் தரப்பிலிருந்து ஒரு திருத்தம். எங்கள் அமைப்பு முன்பு அச்சிட்டு ரேஷன் கடைகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுத்த துண்டறிக்கையில் 'சர்க்கரை நோயாளிகள் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் சேர்க்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. மஞ்சள் கருவைத் தவிர்க்கச் சொல்லும் வரியும், ரத்தம் ஊற மாதுளை என்ற வரியும் அதிலேயே இருந்தன. நம்பி வாங்கிப் போனவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அந்தத் துண்டறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம். எங்காவது சுவரில் இன்னும் ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள்.