குட்டி ஏன் உண்ண மறுக்கிறது?



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து, உடைகளைக் களைந்து வைத்துவிட்டு, ஆலயத்தின் பக்கவாயில் வழியாக வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு குடும்பமே எனக்காகக் காத்து நின்றது. தந்தை, தாய், பன்னிரண்டு வயதுச் சிறுவன், அவனுடைய அப்பாயி ஆகிய நால்வர் முகத்திலும் ஒரே கவலை. வீட்டில் யாருக்கேனும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டியிருக்கிறதோ என்றுகூட ஒரு கணம் எண்ணிவிட்டேன்.

"சேசுவுக்கே புகழ், சாமி. எங்க ராக்கி மூணு நாளாச் சோத்தத் தொடமாட்டேங்குது. எலும்பெல்லாம் தெரியுது. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றார் அப்பாயி.

ராக்கி என்பது அவர்கள் வீட்டு நாய்க்குட்டி. ஏழு மாதத்துச் சிப்பிப்பாறை. சரக்கு வண்டி ஓட்டும் தந்தை தென்மாவட்டத்திற்குச் சென்று திரும்புகையில் வாங்கி வந்தது. ஞானக் காரியங்களுக்கு மட்டுமன்றி நாய்க் காரியங்களுக்கும் பங்குக் குருவைத் தேடி வருகிறார்களே என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். அதற்குக் காரணம் எங்கள் மணி.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததை இப்பகுதியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தென்னையும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்பொழுது நான் பக்கத்து வட்டாரத்தில் பணியாற்றி வந்தேன். நான்காம் நாள், சாய்ந்து கிடந்த ஒரு முந்திரி மரத்தடியிலிருந்து, எலும்பும் தோலுமாக ஒரு நாய்க்குட்டி ஊர்ந்து வந்தது. நிவாரணப் பொட்டலத்தில் இருந்த புளிச்சோற்றைப் போட்டோம். உண்டது. காய்ந்த ரொட்டியைப் போட்டோம். உண்டது. வாழையிலையில் ஒட்டியிருந்த பருக்கையையும் இலையோடு சேர்த்து உண்டது. அதுவே மணி.

அதே மணி, பங்கு இல்லத்தில் ஆறு மாதம் வாழ்ந்த பின்னர், மோர் ஊற்றிய சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தை ஏறிட்டு நோக்கிற்று. அந்நோக்கின் பொருள், "வேறு ஒன்றும் இல்லையா?" என்பதே. குசினியில் சமைக்கும் அம்மா மனம் பொறாமல் ஒரு முட்டையை அவித்துப் போட்டார். மறுநாள் முட்டையும் முகர்ந்து விடப்பட்டது. குழம்பிலிருந்து ஒரு கறித்துண்டு எடுத்துக் கழுவிப் போடப்பட்டது. நமக்கு வெள்ளிக்கிழமை மட்டுமே சுத்தபோசனம். மணியோ கறியில்லாத நாளெல்லாம் ஒருசந்தி பிடித்தது! விருந்தினராக வந்திருந்த ஓர் இளங்குரு, தொன் போஸ்கோவைக் காத்த கிரீஜியோ என்னும் நாயை நினைவூட்டினார். ஒருநாள் இரவு உணவு வேளையில் அது உள்ளே வந்தபொழுது சூப்பும் ரொட்டியும் இறைச்சியும் கொடுத்துப் பார்த்தும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று அப்புனிதரே தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். "ஆனால் சாமி, அந்த நாய் அடுத்த தட்டுக்காகக் காத்திருக்கவில்லை" என்றார் அந்த இளங்குரு.

அடுத்த தட்டு! அதுவன்றோ செய்தி. நாய் என்னும் பிராணி மிக விரைவில் கற்றுக்கொள்ளும். மறுத்தால் மேலானது வரும் என்பதை இரண்டு மூன்று முறை கண்டுவிட்டால் போதும். அதன்பின் மறுப்பதே அதற்குத் தொழிலாகிவிடும். புயலில் புளிச்சோறு உண்ட நாவைக் கெடுத்தது நாங்கள்தாம். வைத்த உணவை இருபது நிமிடங்களில் எடுத்துவிடுவது, அடுத்த வேளை வரை தண்ணீரன்றி வேறொன்றும் தருவதில்லை என்று வீட்டில் சட்டம் செய்தோம். இரண்டு நாள் மணி எங்களோடு வழக்காடிற்று. மூன்றாம் நாள் மோர்ச்சோறு உண்டது.

இந்த வெற்றி என் தலைக்கேறிவிட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். போவோர் வருவோரிடமெல்லாம் இதைச் சொன்னேன். அதன் விளைவையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு விதவைத் தாயின் மகள், மூன்று மாதத்து வெள்ளைச் சடைக்குட்டி ஒன்றை வளர்த்து வந்தாள். ஒருநாள் மாலை, நான் வண்டியில் ஏறி அமர்ந்து புறப்படும் வேளையில் ஓடி வந்து, "சாமி, குட்டி காலையிலிருந்து சாப்பிடல" என்றாள். இறங்கிச் சென்று பார்க்கவில்லை. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவுமில்லை. "பட்டினி போடு அம்மா, பசித்தால் தானே உண்ணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவள் என் சொல்லை அப்படியே நம்பினாள். அன்றிரவே குட்டி வாந்தியெடுத்தது. மறுநாள் இரத்தமாகப் போயிற்று. கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்கையில் காலம் கடந்துவிட்டது. மூன்றாம் நாள் அவள் என்னிடம் வந்து, குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூடச் சொல்லாமல், "போயிருச்சு சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்நோய் பார்வோ என்னும் வைரஸால் வருவது. 1978-ஆம் ஆண்டையொட்டி உலகின் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலைகாட்டியது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையிலும் கண்டறியப்பட்டுவிட்டது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளையே மிகுதியாகத் தாக்கும். இதன் முதல் அடையாளம் பெரும்பாலும் வாந்தியன்று, இரத்தமன்று. சோர்வும் உணவில் வெறுப்புமே. அடம் பிடிக்கும் குட்டியும் சாகப்போகும் குட்டியும் முதல் நாளில் ஒரே மாதிரி தட்டை விட்டு விலகிப் படுக்கின்றன. இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். அச்சிறுமியின் குட்டிக்கு ஒன்றுகூடப் போடப்படவில்லை; போட்டாயா என்று நானும் கேட்கவில்லை. இவ்வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும் ஆதலின், தடுப்பூசி முடியாத மற்றொரு குட்டியை அதே முற்றத்தில் கொண்டு விடுவதும் தவறு.

ஆகவே, வேப்பமரத்தடியில் அப்பாயி கேட்டபொழுது நான் உடனே விடை சொல்லவில்லை. "ராக்கி ஓடி விளையாடுகிறதா?" என்று சிறுவனைக் கேட்டேன். "பந்தைப் போட்டா பறக்குது சாமி" என்றான். வாந்தி இல்லை, கழிச்சல் இல்லை, தண்ணீர் வழக்கம்போல் குடிக்கிறது. தடுப்பூசி அட்டையைத் தந்தை தம் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் காட்டினார். பூச்சி மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். இருப்பினும், "நாளை நானே வந்து பார்க்கிறேன்" என்றேன்.

மறுநாள் சென்றதும் முதலில் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தேன். நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை நாய்க்குட்டியின் இருபத்தெட்டுப் பால் பற்களும் விழுந்து, நாற்பத்திரண்டு நிலைப் பற்கள் முளைக்கும். அக்காலத்தில் ஈறு வீங்கிக் கடினமானதைக் கடிக்க மறுப்பது இயல்பு. அன்றியும், கந்தர்வக்கோட்டை ஆதனக்கோட்டைப் பக்கத்தில் வாழும் நமக்கு மற்றொரு காரணமும் உண்டு. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கொட்டை உடைக்கும் நம் தாய்மாரின் விரல்களைப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சைக் கொட்டையைக் கடித்த குட்டிக்கு வாய் புண்ணாகிவிட்டால், அது எப்படிச் சோறு உண்ணும்? ராக்கியின் வாயில் அவ்வாறொன்றும் இல்லை. புதிய பற்கள் முத்துப்போல் இருந்தன. காதின் உட்புறமும் விரலிடுக்கும் பார்த்தேன், உண்ணியும் இல்லை. உண்ணிக் காய்ச்சலிலும் நாய்க்கு முதலில் போவது பசியே.

எலும்பு தெரிவதாகச் சொன்னார்களே, அது வேறு. சிப்பிப்பாறை வேட்டைக்காகப் பழக்கப்பட்ட ஓட்ட நாயினம். ஒட்டிய வயிறும் மெல்லியதாகத் தெரியும் விலாவும் அதன் பிறவி அமைப்பு. அதைத் தெரு நாயோடும், கொழுத்த சீமை நாயோடும் ஒப்பிட்டு, மெலிந்துவிட்டதே என்று கண்ணீர் விடுவது வீண். மேலும், ஆறு மாதத்திற்குப் பின் குட்டியின் வளர்ச்சி வேகம் தணிகிறது. நான்காம் மாதத்தில் உண்ட அளவை ஏழாம் மாதத்தில் அது கேட்பதில்லை. வயிறு நிறைந்த குட்டி தட்டில் மிச்சம் வைப்பதை நாம் நோய் என்கிறோம்.

பின்னர்ச் சிறுவனை அழைத்து, "தம்பி, ஒரு பழைய நோட்டை எடு. நாளை விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ராக்கியின் வாய்க்குள் போவது எதுவானாலும், யார் கொடுத்தாலும், ஒன்று விடாமல் எழுது" என்றேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவன் எழுதிய பட்டியல் என்னிடம் இருக்கிறது. காலையில் அப்பாயியின் காப்பியில் நனைத்த பிஸ்கட் நான்கு. தாய் ஊற்றிய பால் ஒரு கிண்ணம். தந்தையின் ஆம்லெட்டில் பாதி. பதினொரு மணிக்கு மறுபடியும் பிஸ்கட் மூன்று. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த முறுக்கு. மதியம், அப்பாயி மடியில் வைத்து ஊட்டிய நெய்ச்சோறு ஐந்து வாய். மாலையில் அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. இரவு, பரோட்டாக் கடைக் கோழிச்சாற்றில் தோய்த்த துண்டுகள். இறுதியில், "சோறு: சாப்பிடவில்லை" என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தான்! நான் அப்பட்டியலை உரக்கப் படித்தேன். முதலில் சிரித்தவர் அப்பாயிதான்.

அதன்பின் அவர்கள் மேற்கொண்ட முறை இது. ஆறு மாதம் கடந்த குட்டிக்கு நாளொன்றுக்கு இரு வேளை போதும். சிறிய குட்டியானால் மூன்று, மிகச் சிறியதானால் நான்கு. இவ்வூர் வெயிலில் உச்சிப் பொழுதில் எந்த நாய்க்கும் பசிக்காது. ஆதலால் காலை ஆறு மணியும், சற்று நடத்தி வந்த பின் இரவு ஏழரையும். ஒரே இடம், ஒரே தட்டு, வைப்பவரும் ஒருவரே. கெஞ்சுதல் இல்லை, ஊட்டுதல் இல்லை. இருபது நிமிடம் கழிந்ததும் மிச்சத்தை ஒன்றும் பேசாமல் எடுத்துவிட வேண்டும். இடையில் பிஸ்கட் அறவே கிடையாது. பழகிய பின்னரும் தின்பண்டம் அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

உணவு எதுவென்றால், சோற்றை நான் தடை செய்யவில்லை. ஓநாயைக் காட்டிலும் நாய்க்கு மாச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் மிகுதி என்று சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர் 2013-இல் கண்டு வெளியிட்டனர். மனிதனோடு வாழ்ந்ததால் பெற்ற பேறு அது. ஆயினும் வெறுஞ்சோறு வளரும் குட்டிக்குப் போதாது. உப்பும் காரமும் இன்றி வேகவைத்த எலும்பில்லாக் கோழிக்கறி அல்லது முட்டை, சிறிது தயிர், பூசணி அல்லது கேரட் சேர்த்துப் பிசைய வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவாறே வைக்கலாகாது. நாய்க்கு நாவைவிட மூக்கே பெரிது. இளஞ்சூட்டில்தான் மணம் எழும்பும். பல குட்டிகளின் 'அடம்' இந்த ஒன்றினாலேயே தீர்ந்ததைக் கண்டிருக்கிறேன். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்திலுள்ள உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். பூசணம் பிடித்த நிலக்கடலையும் புண்ணாக்கும் கல்லீரலுக்கு நஞ்சு. களத்தில் கிடப்பதைக் குட்டி பொறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு, அச்சிறுமியின் முற்றத்தில் நான் கற்றதையும் அவர்களிடம் சொன்னேன். விளையாட்டை விட்டுச் சுருண்டு படுத்தாலோ, ஒருமுறை வாந்தியெடுத்தாலோ, கழிச்சல் கண்டாலோ, தண்ணீரையும் வெறுத்தாலோ இந்தச் சட்டம் அந்த நிமிடமே செல்லாது. மருத்துவரிடம் ஓட வேண்டும். நலமாகத் தோன்றும் குட்டியும் ஒரு முழுநாள் எதையும் தொடாவிடில் காட்டியாக வேண்டும். மூன்று நான்கு மாதத்துக் குட்டியையும், சிற்றுடல் கொண்ட இனத்தையும் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முயலவே கூடாது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து சில மணி நேரத்தில் துவண்டு விழும். 2012-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரத்தநாட்டிலேயே இருக்கிறது. குருவானவரைக் கேட்க வேப்பமரத்தடியில் காத்து நிற்கும் நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

செவ்வாய் இரவு பட்டியல் முடிந்து, புதன் காலை முறை தொடங்கிற்று. அன்று ராக்கி தட்டை முகர்ந்துவிட்டு நேரே அப்பாயியிடம் சென்று மடியில் தலை வைத்ததாம். அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாராம். அன்றிரவு கறித்துண்டுகளை மட்டும் பொறுக்கி உண்டு சோற்றை விட்டது. வியாழன் காலை பாதித் தட்டு. வெள்ளி இரவு தட்டை நக்கி, தட்டையே சற்றுத் தூரம் தள்ளிக்கொண்டும் போயிற்று. சிறுவன் ஓடிவந்து சொன்னான்.

சென்ற ஞாயிறு அப்பாயி மட்டும் தனியே வந்தார். முந்தானையிலிருந்து மூன்று பிஸ்கட் பொட்டலங்களை எடுத்து என் கையில் வைத்தார். "இது வீட்டுல இருந்தா என் கை சும்மா இருக்காது சாமி. கோயில் புள்ளைங்களுக்குக் குடுத்துருங்க" என்றார். மறைக்கல்விச் சிறுவர்க்குக் கொடுப்பதற்காக அவற்றை மேசைமேல் வைத்திருக்கிறேன். இதை எழுதும் வேளையில் மணி மேசையடியில் அமர்ந்து, அவற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.