நான்கு பேரும் நூறு தொப்பிகளும்

தமிழ்த் தினப் போட்டி நெருங்கிவிட்டால் நமது பாடசாலை மண்டபங்களில் யாராவது ஒருவர் சாகத் தொடங்கிவிடுவார். பெரும்பாலும் தாய். சில வேளை போதைக்கு அடிமையான மகன், அல்லது சீதனம் கொடுக்க வழியில்லாத தகப்பன். கடைசிக் காட்சியில் வெள்ளைத் துணி வரும், வயலின் வரும். ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு மாணவி வந்து நின்று அறிவுரை சொல்வாள். திரை விழும். சபையில் அழுதவர்களை எண்ணிப் பார்த்துத்தான் நடுவர்கள் புள்ளி போடுகிறார்களோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

அந்த நாடகங்களை நான் இழிவாகச் சொல்லவில்லை. நானே இரண்டு முறை செத்து, ஒரு முறை சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வருடா வருடம் செத்துக்கொண்டே இருப்பதுதான் நாடகக் கலையா என்று கேட்கலாம் அல்லவா? சிரிக்க வைக்கும் ஓர் உளவு நாடகத்தை நாம் மேடையேற்ற வேண்டும் என்பது என் கருத்து. என் மனத்தில் இருப்பது 'முப்பத்தொன்பது படிகள்'.

உளவுக் கதை என்றால் ஓடும் ரயிலும் பாலமும் விமானமும் வேண்டுமே, நம்மிடம் எங்கே வசதி என்பார்கள். அந்த நாடகம் பிறந்த இடத்தைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கிலாந்தின் வடக்கே, யோர்க்ஷயரில் றிச்மண்ட் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அங்குள்ள 'நோர்த் கன்ட்ரி தியேட்டர்' ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பொது மண்டபங்களில் நாடகம் போடும் சிறிய குழு. ஜோன் பக்கன் எழுதி 1915இல் வெளிவந்த உளவு நாவல் ஒன்றை 1935இல் அல்பிரட் ஹிட்ச்கொக் படமாக்கியிருந்தார். 1990களின் நடுப்பகுதியில் நொபி டைமன், சைமன் கோர்பிள் என்ற இருவர் அந்தக் கதையை நான்கே நடிகர்கள் ஆடும்படி எழுதினார்கள். நான்கு பேருக்கு மேல் வைத்துக்கொள்ள வசதியில்லாத குழுவுக்கு அது தோதான கணக்கு. அந்த எண்ணத்தை எடுத்து பற்றிக் பார்லோ புதிதாக எழுதிய வடிவம் 2005இல் லீட்ஸ் நகரில் அரங்கேறி, அடுத்த வருடம் லண்டனுக்குப் போனது. அங்கே கிரைடீரியன் அரங்கில் 2015 வரை, ஒன்பது வருடம் ஓடியது. 2007இல் சிறந்த புதிய நகைச்சுவை நாடகத்துக்கான ஒலிவியர் விருது கிடைத்தது. 2008இல் நியூயோர்க்கின் பிராட்வே மேடையையும் எட்டியது.

கதை இதுதான். ரிச்சர்ட் ஹனே லண்டனில் வேலை வெட்டி இல்லாமல் சலித்துப்போயிருக்கும் ஆள். பொழுதுபோக்க ஓர் அரங்குக்குப் போகிறான். அங்கே துப்பாக்கி வெடிக்கிறது. பயந்தவள்போல் அடைக்கலம் கேட்டு ஒரு பெண் அவனோடு வருகிறாள். அவள் ஓர் உளவாளி. விடிவதற்குள் அவனது வீட்டிலேயே கொல்லப்படுகிறாள். கொலைப்பழி ஹனே தலையில். பொலிஸ் ஒரு பக்கம் துரத்த, உண்மையான கொலைகாரர்கள் மறுபக்கம் துரத்த, அவன் ஸ்கொட்லாந்துக்கு ஓடுகிறான்.

ஒருவர் முழு நேரமும் ஹனே. ஒரு நடிகை மூன்று பெண்களாக வருகிறார். மிச்சமுள்ள நூற்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களையும் இரண்டே பேர் நடிக்கிறார்கள். இரும்புப் பெட்டிகளை வரிசையாக வைத்தால் அது ரயில். அந்தப் பெட்டிகள்மேல் ஏறி நின்று தன் கோட்டின் நுனியைத் தானே பிடித்து ஆட்டினால், ஓடும் ரயிலின் கூரைமேல் காற்று வீசுகிறது. ஏணியை வைத்தால் பாலம். விமானம் துரத்துவதை நிழற்பாவைகளை வைத்துக் காட்டிவிடுகிறார்கள். ஜன்னலால் தப்பிக்க வேண்டுமென்றால் வெறும் சட்டத்தைக் கையில் பிடித்து அதற்குள் தலையை விட்டு வெளியே வருகிறார்கள். சபைக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் சிரிக்கிறது.

எனக்கு அதிகம் பிடித்தது தொப்பிகள்தான். ரயில் பெட்டியில் எதிரே இருக்கும் வியாபாரிகள் இருவரும் அந்த இரண்டு நடிகர்கள்தான். தொப்பியை மாற்றினால் பொலிஸ்காரர். இன்னொரு தொப்பி, பத்திரிகை விற்கும் பையன். மற்றொன்று, போர்ட்டர். வேகம் கூடக்கூட, துரத்துகிறவன் யார், உதவுகிறவன் யார், வேடிக்கை பார்க்கிறவன் யார் என்று ஹனேக்கும் குழம்பிவிடுகிறது, நமக்கும் குழம்பிவிடுகிறது. யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதைத் தலையில் கிடக்கும் துணிதான் சொல்கிறது.

இதை மற்ற ஊரார் வெறும் வேடிக்கையாகப் பார்க்கலாம். நம்மால் அப்படிப் பார்க்க முடியாது. 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் புறக்கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரம். அந்த இழப்பின் முன்னால் எவரும் சிரிக்கப்போவதில்லை. அதைப் பற்றி நான் பேசவும் இல்லை. அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அப்போது நான் சின்னப் பிள்ளை. ஒரு கடை வாசலில் காவலாளி என் பாடசாலைப் பையைத் திறந்து, தண்ணீர்ப் போத்தல், கொம்பாஸ் பெட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்தார். என் இடியப்பத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. உம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்தா மட்டும் வீட்டுக்கு வந்ததும் அந்தக் காட்சியை அப்படியே நடித்துக் காட்டினாள். காவலாளியும் அவளே, நானும் அவளே, இடியப்பமும் அவளே. உம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

ஆகவே, உளவாளி, சந்தேக நபர், தேடப்படுபவர் என்ற சொற்கள் நமக்குக் கதைப் புத்தகச் சொற்கள் அல்ல. அவற்றை மேடையில் வைத்துச் சிரிக்க நமக்கு மற்றவர்களைவிட உரிமை அதிகம் என்றே நினைக்கிறேன்.

ஒரு மறுப்பும் இருக்கிறது, அது நியாயமானது. பக்கனின் மூல நாவலை நல்ல பிள்ளை என்று சொல்ல முடியாது. தொடக்கத்திலேயே ஒரு பாத்திரம் உலகத்துக் குழப்பத்துக்கெல்லாம் யூதர்களைக் காரணம் காட்டிப் பேசுகிறது. அடுத்த வருடம் அதே ஹனேயை வைத்து அவர் எழுதிய 'கிரீன்மாண்டில்' நாவலில், முஸ்லிம்களைத் தூண்டிவிட்டுப் பிரித்தானியாவுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யவைக்க ஜேர்மனி சதி செய்கிறது. உளவுக் கதைகளின் பழைய வழக்கம் இது: புரியாத முகம் எதிரியின் முகம். அப்படிப்பட்டவர் தொடக்கிவைத்த கதையை நாமா நடிப்பது என்று கேட்கலாம். அதற்காகவே நடிக்கலாம் என்பேன். நாவலில் வெளியாள் எப்போதும் வெளியாள்தான். நான்கு பேர் நாடகத்தில் பொலிஸ்காரனும் சதிகாரனும் ஒரே உடம்பு. நாவலின் பயத்தை நாடகம் கேலிப்பொருளாக்கிவிட்டது.

அப்படியே மொழிபெயர்த்துப் போட வேண்டியதும் இல்லை. நமது ஹனே புறக்கோட்டையில் இருக்கட்டும். மூலத்தில் அவன் பால்காரன் வேடத்தில் வீட்டை விட்டுத் தப்புகிறான். இங்கே தலையில் புடவைக்கட்டோடு நாட்டாமி வேடத்தில் கெய்சர் வீதி நெரிசலுக்குள் மறையட்டும். கோட்டைப் புகையிரத நிலையத்தில் உடரட்ட மெனிக்கே ஏறட்டும். ஸ்கொட்லாந்துப் பாலத்துக்குப் பதில் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம். மலைநாட்டுக் குடிசைக்குப் பதில் தோட்டத்து லயம். ஹனேயும் கதாநாயகியும் ஒரே விலங்கில் பூட்டப்பட்டு இரவைக் கழிக்கும் காட்சியை நமது ஆசிரியைகள் எப்படியும் வெட்டுவார்கள். வெட்டினாலும் நாடகம் சாகாது.

மூலத்தில் 'மிஸ்டர் மெமரி' என்று ஒருவர் வருகிறார். எதைக் கேட்டாலும் நினைவிலிருந்து பதில் சொல்வதே அவர் தொழில். நாவலில் இல்லாத ஆள், ஹிட்ச்கொக் சேர்த்தது. அவரைத் தமிழில் எங்கே தேடுவது? தேடவே வேண்டாம். நாகர்கோவில் பக்கத்து செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியவர். நூறு விடயங்களை ஒரே அமர்வில் கவனத்தில் நிறுத்தும் அந்தக் கலையில் பெயர் பெற்றவர் ஒரு தமிழ் முஸ்லிம் புலவர். பாவலரையே மேடையேற்றச் சொல்லவில்லை. ஒரு சதாவதானி பாத்திரம் நமது சபைக்கு அந்நியமாக இராது என்கிறேன். ஒற்றரும் அந்நியமில்லை. திருக்குறளின் 59ஆவது அதிகாரமே ஒற்றாடல். துறவி வேடத்தில் திரியும் ஒற்றரை அதில் காணலாம்.

மிஸ்டர் மெமரியின் முடிவைச் சொன்னாலும் கெடுகிற நாடகமல்ல இது. சதிகாரர்கள் தங்கள் இரகசியத்தைக் காகிதத்தில் எழுதாமல் அவருடைய நினைவில் எழுதி வைத்திருக்கிறார்கள். சபை நடுவே ஹனே கேட்கிறான்: முப்பத்தொன்பது படிகள் என்றால் என்ன? சொன்னால் உயிர் போகும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழகியவர். வாய் திறக்கிறார், சுடப்படுகிறார். அவ்வளவு நேரம் சிரித்த சபை அந்த இடத்தில் அடங்கிப்போகிறது. வயலின் வாசித்து வரவழைக்கும் அழுகையைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வேடத்தால் ஆள் மாறும் வித்தை கொழும்புக்குப் புதிதும் அல்ல. இலங்கை வானொலியின் 'கோமாளிகள் கும்மாளம்' தொடரை நமது மூத்தம்மாமார் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. அதில் மரிக்காராகப் பேசியவர் ராமதாஸ். உபாலி என்ற சிங்களவராக வந்தவர் செல்வசேகரன். ராமதாஸுக்குக் கடைசிவரை 'மரிக்கார்' ராமதாஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நமது மேடையில் ஆண் வேடமும் நாமே போடுகிறோம். ஆகவே நூறு பாத்திரங்களில் தொண்ணூறு ஆண்கள் என்பது ஒரு தடையே இல்லை. மீதி இருப்பது புள்ளித்திட்டம். நகைச்சுவை என்றால் தரம் குறைவு என்று எழுதப்படாத விதி ஒன்று நடுவர்களிடம் இருக்கிறது. ஒரே நொடியில் குரல், நடை, வயது மூன்றையும் மாற்றும் மாணவிக்கு, மூன்று நிமிடம் தொடர்ந்து அழும் மாணவியைவிடக் குறைவாகப் புள்ளி போடுவது எந்த நியாயம் என்று அடுத்த கூட்டத்தில் நமது தமிழ் மன்றம் கேட்க வேண்டும்.

செலவுக் கணக்கும் பார்த்துவிட்டேன். இரும்புப் பெட்டி நான்கு. எங்கள் உம்மும்மாவின் கட்டிலுக்குக் கீழேயே இரண்டு கிடக்கின்றன. ஏணி கல்லூரிக் காவலாளி நானாவிடம் இருக்கிறது. ஜன்னல் சட்டத்துக்கு உடைந்த கரும்பலகையின் சட்டம் போதும். தொப்பிகளுக்குக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் நடைபாதைக் கடைகள் இருக்கின்றன. போட்டுப் பார்க்கக் கேட்டால் கண்ணாடியும் எடுத்துத் தருவார்கள்.