வெள்ளிக்கிழமை மீட்டிங் ஓவர்... சனிக்கிழமை தங்கவைக்குமா கோவை ஹோட்டல்?

கொடிசியா கண்காட்சிக்கோ, பம்ப் ஆர்டர் விஷயமாகவோ சென்னையிலிருந்து கோவை வருகிறீர்கள். வெள்ளிக்கிழமை மதியமே வேலை முடிந்துவிட்டது. ஊட்டி சுமார் 85 கிலோமீட்டர்தான். 'வந்தது வந்தாச்சு, ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே' என்று தோன்றும். வீட்டில் இருப்பவர்களையும் இரவு ரயிலில் வரச் சொல்லிவிடலாம்.

அலுவலகப் பயணத்தோடு சொந்தச் சுற்றுலாவைச் சேர்த்துக்கொள்ளும் இதற்குத்தான் ‘பிளீஷர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிசினஸும் லீஷரும் ஒட்டிக்கொண்ட சொல். (பயணிகள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை!)

பிசினஸ் ஹோட்டல்களுக்குத் திங்கள் முதல் வியாழன் வரைதான் கொண்டாட்டம். வார இறுதியில் அறைகள் காற்று வாங்கும். அப்படியானால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் விருந்தினரைத் தக்கவைப்பதுதானே சுலபம்? அங்கேதான் சிக்கல். நீச்சல் குளம், ஸ்பா என்று விளம்பரம் செய்கிறவர்கள் ரிசப்ஷனில் கோட்டை விடுகிறார்கள்.

முதல் சிக்கல் பில். இரண்டு இரவு கம்பெனி கணக்கு, இரண்டு இரவு சொந்தக் கணக்கு. "ஒரே புக்கிங்தானுங்க சார், ஒரே பில்தான் வரும்" என்று சொன்னால் போச்சு. அந்த பில்லை எடுத்துக்கொண்டு அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள், சுற்றுலாவுக்குக் கம்பெனிக் காசா என்ற பார்வை வரும். அதற்குப் பயந்தே பலர் வெள்ளி இரவு பஸ் ஏறிவிடுகிறார்கள். லாண்ட்ரிக்குத் தனிக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு, கம்பெனி ஜிஎஸ்டி எண்ணோடு ஒரு பில், விருந்தினர் பெயரில் ஒரு பில் என்று நாளைப் பிரித்துப் போட முடியாதா?

அடுத்து வாடகை. வெள்ளி வரை கம்பெனி ரேட், சனிக்கிழமை திடீரென்று புது ரேட், போதாததற்கு "ரூம் மாத்திக்கோங்க". காலியாகக் கிடக்கப்போகும் அறைக்கு எதற்கு இந்த முறுக்கு? அதே அறையை அதே வாடகைக்குக் கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. ரூ.4,000 அறைக்கு வரி 480 அல்ல, 200 ரூபாய். கைக்காசு போட்டுத் தங்குபவருக்கு இது பெரிய விஷயம். அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

மற்றதெல்லாம் உள்ளூர் விவரம்தான். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான நீலகிரி மலை ரயில், மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பிவிடும். ஹோட்டலில் டிபன் 7.30-க்கு என்றால் யாருக்குப் பிரயோஜனம்? 5 மணிக்கு நாலு இட்லியை பார்சல் கட்டிக் கொடுங்கள். காரில் போகிறவர்களுக்கு நீலகிரி இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முதல் நாளே ரிசப்ஷனில் பதிவு செய்து கொடுத்தால் கும்பிடு போடுவார்கள்.

ஞாயிறு இரவு ரயிலுக்கு மதியம் 12 மணி செக்-அவுட் இன்னொரு கொடுமை. நம்மூர் பழைய லாட்ஜ்களில் '24 மணி நேர செக்-அவுட்' போர்டு தொங்கும். மாலை வந்தவர் மறுநாள் மாலை வரை இருக்கலாம். நட்சத்திர ஹோட்டல்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது இதைக் கடன் வாங்கலாம்.

அதுவரை, புக் செய்யும் முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்: "ரெண்டு பில் தருவீங்களா? சனிக்கிழமையும் இதே ரேட்தானே?"